வண்ணமீன் தொட்டியில் புழுக்கள்: எது தீங்கற்றது, எது பகை?

கிணற்றுப் பாசனத்தில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, வீட்டுக் கொல்லையில் நாலைந்து சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்க்கும் குடும்பங்கள் இன்று பல மாவட்டங்களில் உண்டு. சென்னை கொளத்தூர்ச் சந்தையை நம்பி வளர்ப்போர் இதில் மிகுதி. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் மீன்களும், தங்கமீன், கோய் கெண்டை, ஏஞ்சல், கொராமி, சண்டைமீன் போன்ற முட்டையிடும் மீன்களும் இத்தொட்டிகளில் வளர்கின்றன. பெண்கள் வீட்டு வேலையோடு சேர்த்துக் கவனிக்கத் தக்க தொழில் இது. கறவை மாட்டைப் போல, கைச்செலவுக்குப் பணம் தரும்.

இத்தொழிலில் ஈடுபட்டோர் மழைக்காலம் தொடங்கியதும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தொட்டிச் சுவரில் வெள்ளையாகப் புழு ஊர்கிறது, என்ன மருந்து ஊற்றலாம்?" என்பதே அது. இக்கேள்விக்கு நேரடியாக மருந்தின் பெயரைச் சொல்ல முடியாது. தொட்டியில் காணும் புழுக்களில் சில மீனுக்கு நல்ல உணவு. சில எந்தத் தீங்கும் செய்யாதவை. சில முட்டையையும் குஞ்சையும் அழிப்பவை. சில மீனின் உடலிலேயே இருந்து இரத்தத்தை உறிஞ்சுபவை. இன்னும் சில, புழுவைப் போலத் தோன்றினாலும் புழுவே அல்ல. இன்னதென்று அறியாமல் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியைத் தொட்டியில் கலந்தால் புழு சாகுமுன் மீன் செத்துவிடும். ஆறு மாத உழைப்பு ஒரே இரவில் போய்விடும். ஆகவே முதலில் புழுவை இனம் காணக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எப்படி வந்து சேர்கின்றன?

கழுவிக் காயவைத்த தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பினால் அதில் புழு தானாகத் தோன்றாது. வெளியிலிருந்து ஏதோ ஒன்றோடு தொற்றிக்கொண்டுதான் வரும். வரும் வழிகள் நான்கு.

முதலாவது நீர்ச்செடி. ஏரியிலும் வாய்க்காலிலும் அரித்து எடுக்கும் வேலம்பாசி, ஆகாயத்தாமரை ஆகியவற்றின் வேரிலும் இலையடியிலும் தட்டைப்புழு, அட்டை, நத்தை, தும்பியின் இளம்பருவம் எல்லாம் ஒளிந்திருக்கும். அவற்றின் முட்டைகளும் ஒட்டியிருக்கும்.

இரண்டாவது உயிருணவு. சாக்கடையிலிருந்து அள்ளி விற்கப்படும் டியூபிபெக்ஸ் புழுவோடு வேறு பல உயிர்களும் நோய்க்கிருமிகளும் வருகின்றன.

மூன்றாவது புதிதாக வாங்கிய மீன். நங்கூரப் புழுவும் குடற்புழுவும் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

நான்காவது ஏரி, குளத்து நீர், மணல், பிற தொட்டியில் பயன்படுத்திய வலை, வாளி ஆகியவை. ஒரு தொட்டியில் புழுவை ஒழித்துவிட்டு, அதே ஈர வலையை அடுத்த தொட்டியில் விட்டால் பட்ட பாடு வீணாகிவிடும்.

பார்த்து அறியும் முறை

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கண்ணாடிக் கடையில் கிடைக்கும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்சு ஒன்று, வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று, கறுப்புத் தட்டு ஒன்று, சொட்டு மருந்துக் குழாய் ஒன்று இருந்தால் போதும். வெள்ளைப் புழுவைக் கறுப்புத் தட்டிலும், சிவப்பு அல்லது பழுப்புப் புழுவை வெள்ளைத் தட்டிலும் கொஞ்சம் நீரோடு விட்டுப் பார்க்கவும். பார்க்கும்போது கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. உடல் நூல் போல உருண்டையா, நாடா போலத் தட்டையா?
2. மண்புழுவுக்கு உள்ளதுபோல் வளையம் வளையமாக இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா?
3. தலை தனியாகத் தெரிகிறதா? அம்பு முனை போல முக்கோணமாக இருக்கிறதா?
4. எப்படி நகர்கிறது? நெளிகிறதா, வழுக்கிச் செல்கிறதா, முழம் போடுவதுபோல் வளைந்து வளைந்து செல்கிறதா?
5. எங்கே இருந்தது? சேற்றிலா, சுவரிலா, மீனின் மேலா, மீனின் ஆசனவாயிலா?

இந்த ஐந்துக்கும் விடை கிடைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும் புழுக்களில் பெரும்பாலானவற்றை இனம் கண்டுவிடலாம்.

தீங்கு செய்யாத வெள்ளை நூற்புழு

தொட்டியில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுவே. தையல் நூலைவிட மெல்லியது. வெண்மையாக அல்லது இளஞ்சிவப்பாக இருக்கும். லென்சில் பார்த்தால் உடலில் வளையங்களும், பக்கவாட்டில் மெல்லிய முட்களும் தெரியும். நீரில் விட்டால் பாம்பைப் போல நெளியும். மண்புழுவின் இனத்தைச் சேர்ந்த இது அழுகிய தீவனத்தையும் மீன் கழிவையும் தின்று வாழ்கிறது. மீனைக் கடிக்காது. முட்டையைத் தொடாது. மீன்கள் இதைப் பிடித்துத் தின்றுவிடும்.

அப்படியானால் கவலைப்பட ஒன்றும் இல்லையா என்று கேட்டால், புழுவைப் பற்றிக் கவலை வேண்டாம்; தொட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். இப்புழு நூற்றுக்கணக்கில் சுவரில் ஏறி நெளிகிறதென்றால் அடியில் தின்னாத தீவனம் தேங்கி அழுகுகிறது, அங்கே பிராணவாயு குறைந்துவிட்டது என்று பொருள். மருந்து ஊற்றிப் பயனில்லை. ரப்பர் குழாயால் அடிக் கழிவை உறிஞ்சி வெளியேற்றவும். நீரில் கால் பங்கை மாற்றவும். ஐந்து நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் தீவனம் போடக் கூடாது. இரண்டு வாரத்தில் புழுவின் எண்ணிக்கை தானே குறையும்.

சிவப்புப் புழுக்கள் இரண்டு

டியூபிபெக்ஸ் புழுவும் 'இரத்தப் புழு'வும் ஒன்றே என்று பலர் நினைக்கின்றனர். இரண்டும் வேறு வேறு. நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின் இரண்டிலும் இருப்பதால்தான் சிவப்பாக இருக்கின்றன. பிராணவாயு குறைந்த சேற்றிலும் அவை உயிர்வாழ இதுவே உதவுகிறது.

டியூபிபெக்ஸ் உண்மையான புழு. தலையைச் சேற்றுக்குள் புதைத்து, வாலை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். தட்டில் விட்டால் ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகிவிடும்.

இரத்தப் புழு என்பது கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒருவகை ஈயின் இளம்பருவம். இதற்குத் தனியாகக் கெட்டியான சிறு தலை உண்டு. தலையின் கீழும் வால் முனையிலும் கால் போன்ற குட்டையான முளைகள் இருக்கும். எட்டு எட்டாகச் சுருண்டு நீந்தும். சில நாளில் கூட்டுப்புழுவாகிப் பின் பறந்துபோய்விடும்.

இரண்டும் மீனுக்குச் சத்தான உணவு. ஆனால் சாக்கடை டியூபிபெக்ஸில் ஆபத்து உண்டு. டிரௌட் மீன் குஞ்சுகளைச் சுழன்று சுழன்று சாகச் செய்யும் நோயின் கிருமி இப்புழுவின் உடலில்தான் தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கழிக்கிறது என்பதை அமெரிக்காவில் 1984-ல் கண்டறிந்தார்கள். டிரௌட் குளிர்நாட்டு மீன். அந்த நோய் நம் தொட்டியில் வராது. எனினும் கெண்டை, தங்கமீன் இனத்தைத் தாக்கும் அதே குடும்பத்துக் கிருமிகள் உண்டு. எனவே வாங்கிய டியூபிபெக்ஸை அப்படியே போடாமல், ஆழமில்லாத தட்டில் பரப்பி, சொட்டுச் சொட்டாக நீர் ஓடவிட்டு, இரண்டு நாள் வைத்து, செத்த புழுவையும் அழுக்கையும் கழித்த பிறகே போட வேண்டும். குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா முட்டையை உப்பு நீரில் பொரிக்கவைத்துக் கொடுப்பது நல்லது. ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும்.

முட்டையைத் தின்னும் தட்டைப்புழு

இதுதான் இனப்பெருக்கத் தொட்டியின் பெரிய பகை. பிளனேரியா என்பது இதன் பெயர். கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை இருக்கும். வெண்மை, சாம்பல், பழுப்பு நிறங்களில் காணப்படும். உடல் நாடா போலத் தட்டை, வளையம் இல்லை. தலை முக்கோணமாக, அம்பு முனை போல இருக்கும். லென்சில் பார்த்தால் தலையில் இரண்டு கறுப்புக் கண் புள்ளிகள், மாறுகண் பார்ப்பதுபோல் தெரியும். நெளியாது. எண்ணெய் தடவியதுபோல் சுவரில் வழுக்கிக்கொண்டு செல்லும். வெள்ளை நூற்புழுவிலிருந்து இதைப் பிரித்து அறிய இந்த நடை ஒன்றே போதும். நெளிந்தால் நூற்புழு, வழுக்கினால் தட்டைப்புழு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பகலில் செடியடியில் ஒளிந்திருந்து இரவில் வெளிவரும். ஏஞ்சல் மீன் பலகையில் ஒட்டும் முட்டை, தங்கமீன் வேலம்பாசியில் இடும் முட்டை, நகர முடியாத இளங்குஞ்சு ஆகியவை இதற்கு இரை. முட்டை இரவோடு இரவாகக் குறைந்தால், தாய்மீன் தின்றுவிட்டது என்று முடிவு செய்யுமுன், இரவு எட்டு மணிக்கு மேல் கைவிளக்கோடு தொட்டியைப் பார்க்கவும்.

இதை நசுக்கவோ வெட்டவோ கூடாது. ஒரு புழுவை இரண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளர்ந்துவிடும். மருந்துக்குமுன் பொறி வைத்துப் பார்க்கலாம். மூடியில் மீன் நுழைய முடியாத சிறு துளைகள் இட்ட மருந்துப் புட்டியில் ஒரு துண்டுப் பச்சை இறைச்சி அல்லது இறால் போட்டு, நீர் நிரப்பி, மாலையில் தொட்டியின் அடியில் படுக்க வைக்கவும். விடியற்காலையில் எடுத்தால் உள்ளே புழுக்கள் குவிந்திருக்கும். அவற்றை வெந்நீரில் கொட்டி அழிக்கலாம். ஒரு வாரம் தொடர்ந்து செய்தால் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

அதற்கும் கட்டுப்படாவிட்டால், கால்நடைகளுக்கும் நாய்களுக்கும் குடற்புழு நீக்கக் கொடுக்கும் பென்பெண்டசோல் மருந்து பயன்படும். ஆனால் இது தொட்டியில் உள்ள நத்தைகளையும் கொல்லக்கூடும். செத்த புழுக்கள் அழுகி நீரைக் கெடுக்கும் என்பதால் மறுநாளே அடிக் கழிவை உறிஞ்சி நீர் மாற்ற வேண்டும்.

அட்டை

அட்டையும் தட்டையானதுதான். ஆனால் உடலில் நெருக்கமாக வளையங்கள் இருக்கும். இரு முனையிலும் உறிஞ்சும் வட்டுகள் உண்டு. முன்முனையை ஊன்றி, பின்முனையை இழுத்து, முழம் போடுவதுபோல் நகரும். நீட்டினால் நூலாகும்; சுருங்கினால் உருண்டையாகும். செடியோடு வரும் சிறு அட்டைகளில் பல நத்தையையும் சிறு புழுக்களையும் தின்பவை. மீன்மேல் ஒட்டி இரத்தம் குடிக்கும் அட்டைகளும் உண்டு. எனவே மீன்மேல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டும்.

பெரிய தங்கமீன், கோய் கெண்டைகளில் அட்டை ஒட்டியிருந்தால் ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் கல் உப்பு கரைத்து, அதில் பத்து நிமிடம் வரை மீனை விடலாம். அருகிலேயே நின்று கவனிக்க வேண்டும். மீன் சாய்ந்தால் நேரம் ஆகாவிட்டாலும் உடனே நல்ல நீருக்கு மாற்றவும். கப்பி போன்ற சிறு மீன்களையும் குஞ்சுகளையும் இந்த வீரியத்தில் விடக் கூடாது. கல்லிலும் செடியிலும் அட்டை ஒட்டிவைத்த முட்டைக்கூடுகள் உப்புக்குச் சாவதில்லை. தொட்டியைக் காயப்போட்டால்தான் ஒழியும்.

நங்கூரப் புழு

தங்கமீன், கோய் கெண்டையின் உடலில் செதிலுக்கிடையே சிறு நூல் செருகியதுபோல் தொங்கும். அடியில் சிவந்து புண்ணாகியிருக்கும். நூலின் வெளிமுனை இரு கிளையாகப் பிரிந்திருந்தால் அவை முட்டைப் பைகள். பெயர்தான் புழு, உண்மையில் இது இறால், நண்டு இனத்தோடு உறவுடைய ஓர் ஒட்டுண்ணி. தலை நங்கூரம் போலச் சதைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஈரத் துணியில் மீனைப் பிடித்து, ஒட்டுண்ணியை அது நுழைந்த இடத்துக்கு மிக அருகில் சிறு இடுக்கியால் பற்றி மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும். ஆனால் வெளியே தெரிவது முதிர்ந்த பெண் மட்டுமே. அதன் இளம்பருவங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நீரிலும் செவுளிலும் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஆகவே ஒரு முறை எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மூன்று, நான்கு வாரம் தொடர்ந்து மீன்களைப் பரிசோதிக்க வேண்டும்.

கப்பியின் குடற்புழு

கப்பி, மோலி, பிளாட்டி வளர்ப்போர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. மீன் நன்றாகத் தின்றும் இளைக்கும். வயிறு ஒட்டும். மீன் அசையாமல் நிற்கும்போது ஆசனவாயிலிருந்து இரண்டு, மூன்று சிவப்பு மயிரிழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். நீந்தத் தொடங்கினால் உள்ளே போய்விடும். கமல்லானஸ் என்னும் உருளைப்புழு இது. குடல் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும். நீரில் வெளியேறும் இதன் இளம்புழுக்களைச் சைக்ளோப்ஸ் என்னும் நுண்ணுயிர் தின்ன, அதை மீன் தின்பதால் நோய் பரவும். தொட்டியில் மீனுக்கு மீன் நேரடியாகவும் தொற்றும்.

சிவப்பு இழை ஒரு மீனில் தெரிந்தால் அத்தொட்டியின் எல்லா மீனுக்கும் வந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். அத்தொட்டி மீனை விற்கவும் கூடாது, பிற தொட்டிக்கு மாற்றவும் கூடாது. நோய் மீனை விற்றுவிட்டால் அன்றைக்குப் பணம் வரும். அந்த வியாபாரி அடுத்த முறை வரமாட்டார். ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கும் லெவாமிசோல் இதற்கு நல்ல மருந்து. புழு செயலிழந்து வெளியே விழும். விழுந்த புழுவையும் கழிவையும் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு முறை மருந்திட வேண்டும்.

லெவாமிசோல், பென்பெண்டசோல் இரண்டும் கடைகளில் பல வீரியங்களில் விற்கப்படுகின்றன. ஆகவே தொட்டியின் நீளம், அகலம், நீரின் ஆழம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொண்டு, மருந்துப் பெட்டியையும் எடுத்துச் சென்று, கால்நடை மருத்துவரிடம் அல்லது மீன்துறை அலுவலரிடம் காட்டி அளவு கேட்டுப் பயன்படுத்தவும். கண்மதிப்பில் கொட்ட வேண்டாம்.

புழு அல்லாதவை

செடியில் ஒட்டிக்கொண்டு, நூல் போன்ற கைகளை விரித்து நிற்கும் ஹைட்ரா, புழு அல்ல. ஆனால் பிறந்த குஞ்சைப் பிடித்துத் தின்னும். ஆறு கால்களோடு, பெரிய கண்களோடு அடியில் நடமாடும் தும்பியின் இளம்பருவமும் புழு அல்ல; ஒன்றே ஒன்று இருந்தாலும் நாள்தோறும் குஞ்சுகளைக் காலி செய்யும். கண்டவுடன் வலையால் எடுத்துவிட வேண்டும். மாறாக, மீன் உடலைச் சுவரில் தேய்த்தும், செவுளை விரித்து மூச்சு வாங்கியும் இருக்க, புழு ஒன்றுமே தெரியவில்லை என்றால், நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் செவுள் தட்டைப்புழுவாக இருக்கலாம். நோயுற்ற மீனை உயிரோடு நீர் நிரம்பிய பையில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போருக்கு

கடற்கரை ஊர்களில் கோமாளி மீன் முதலிய கடல் வண்ணமீன்களை வளர்க்க விரும்புவோர் கூடியிருக்கின்றனர். கடல்நீர்த் தொட்டிக்குக் கல்லோடும் மணலோடும் முட்புழுக்கள் வந்து சேரும். பூரானைப் போல நீண்டு, ஒவ்வொரு வளையத்தின் இருபுறமும் முள் கற்றை இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்பவை. ஆனால் வெள்ளை முட்கள் பஞ்சுபோல் அடர்ந்திருந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. முட்கள் தோலில் ஒடிந்து தீப்பட்டதுபோல் எரியும். நெருப்புப் புழு என்ற பெயர் அதனால் வந்ததே. இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். கல்லில் சுண்ணாம்புக் குழல் கட்டி, விசிறி போல இறகை விரித்து மூடும் புழு தீங்கற்றது; விட்டுவிடலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. மன்னார் வளைகுடாவிலோ வேறு எங்குமோ பவளப் பாறையை எடுத்துத் தொட்டியில் வைக்கக் கூடாது. பவள உயிர்கள் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. புலியைக் காக்கும் அதே அட்டவணை அது. செத்த பவளக் கல்லை வைத்திருந்தாலும் வழக்கு வரும். சுட்ட மண் ஓடு, சிமெண்டுக் கல் ஆகியவையே மீன் ஒளியப் போதும்.

வருமுன் காக்க

ஏரிச் செடியை நேரே தொட்டியில் போடாதீர்கள். நன்கு அலசி, 10 லிட்டர் நீருக்கு 100 மில்லிகிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த நீரில் பத்து நிமிடம் வைத்து, மறுபடி அலசவும். முட்டைகள் இதற்குத் தப்பிவிடும் என்பதால் மீன் இல்லாத வாளியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்த பிறகே பயன்படுத்தவும்.

புதிய மீனைத் தனித் தொட்டியில் மூன்று, நான்கு வாரம் வைத்திருக்கவும். இந்தத் தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி இருக்கட்டும்.

ஒவ்வொரு முறை மீனை விற்று முடித்ததும் தொட்டியைக் காலி செய்து, 1,000 லிட்டர் நீருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் விட்டு, வடித்துக் கழுவி, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடவும். செலவில்லாத நல்ல மருந்து வெயிலே. பிளீச்சிங் நீர் மற்ற மீன் தொட்டிகளிலோ வாய்க்காலிலோ கலக்காதபடி பார்த்துக்கொள்ளவும்.

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து எதையும் தொட்டியருகே கொண்டுவராதீர்கள். தெளிப்பானைக் கழுவிய வாளியைக்கூட மீனுக்குப் பயன்படுத்தக் கூடாது. மருந்து தெளித்த கையோடு தீவனம் போடவும் கூடாது.

புழு தென்பட்டால் முதலில் ஒன்றைப் பிடித்துத் தட்டில் விட்டுப் பாருங்கள். நெளிந்தால் தீவனத்தைக் குறையுங்கள். வழுக்கினால் பொறி வையுங்கள். முழம் போட்டால் மீன்மேல் அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். மீனின் ஆசனவாயில் சிவப்பு இழை தெரிந்தால் விற்பனையை நிறுத்திவிட்டு மருந்துக்கு ஆலோசனை கேளுங்கள். ஐயம் இருந்தால் புழுவைச் சிறு புட்டியில் தொட்டி நீரோடு எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள மீன்துறை அலுவலகத்தையோ வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ மீன்வளக் கல்லூரியையோ அணுகுங்கள். எடுத்துச் செல்லும் புட்டியில் மருந்து எதையும் ஊற்ற வேண்டாம். உயிரோடு இருந்தால்தான் அதன் நடையைப் பார்த்து இனம் சொல்ல முடியும்.